பிள்ளைகளின் உடையும் அதன் பின்னாலுள்ள கைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஆர்கானிக்", "ஈகோ ஃபிரண்ட்லி", "கெமிக்கல் ஃப்ரீ" என்ற சொற்கள் இப்போது சின்ன ஊர்ச் சந்தையில் விற்கும் குழந்தை ஜட்டியின் அட்டைப்பெட்டியிலும் அச்சாகி வருகின்றன. அவற்றைப் பற்றிப் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறோம். நம் வீட்டுப் பிள்ளைகள் உடுத்தும் பனியனும் டி-ஷர்ட்டும் பெரும்பாலும் திருப்பூர் வட்டாரத்தில் தயாராவதால், விடைகளும் அந்த ஊரையே சுற்றி வரும்.

சுற்றுச்சூழலுக்கு இணக்கமான உடையும் நேர்மையாகத் தயாரித்த உடையும் ஒன்றுதானா?

இல்லை. முன்னது வயல், தண்ணீர், சாயம் பற்றிய பேச்சு. பின்னது நூற்பவர், தைப்பவர், பிசிறு வெட்டுபவர் ஆகியோரின் கூலியையும் வேலை நேரத்தையும் பற்றிய பேச்சு. இயற்கை வேளாண்மையில் விளைந்த பஞ்சை, விடுதிக்கு வெளியே தனியாகப் போக அனுமதியில்லாத பதினாறு வயதுப் பெண் நூற்றிருக்கக்கூடும். நியாயமான கூலி தரும் தையற்கூடம், கழிவுநீரை இரவில் வாய்க்காலில் திறந்துவிடும் சாயப்பட்டறையிலிருந்து துணி வாங்கியிருக்கவும் கூடும். பஞ்சு சட்டையாவதற்குள் அரவை, நூற்பு, நிட்டிங், சாயமிடல், கட்டிங், தையல், செக்கிங் என்று பல கட்டங்களைக் கடக்கிறது. விற்பவர் "நல்ல துணி" என்று சொன்னால், எந்தக் கட்டத்தைப் பற்றிச் சொல்கிறார் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

பருத்தியே இயற்கையானதுதானே, அதிலென்ன தனியாக ஆர்கானிக்?

இந்தியாவில் பி.டி. பருத்திக்கு, அதாவது மரபணு மாற்றிய பருத்திக்கு, 2002-இல் அனுமதி கிடைத்தது. இன்று பருத்தி விளையும் பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் அந்த விதைதான். ஆர்கானிக் பருத்தி என்றால் மரபணு மாற்றிய விதையும், செயற்கை உரமும், செயற்கைப் பூச்சிக்கொல்லியும் இல்லாமல் விளைந்து, அதற்கான சான்றும் பெற்றிருக்க வேண்டும்.

விளம்பரங்கள் சொல்லாத ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பஞ்சில் பூச்சிமருந்தின் எச்சம் இருந்தாலும், துணியைக் காரத்தில் வேகவைத்து வெளுக்கும்போதே அதில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே ஆர்கானிக் பருத்தியால் முதலில் பயன் பெறுபவர், மருந்துத் தெளிப்பானை முதுகில் சுமக்காமல் தப்பிய விவசாயியும் அவருடைய மண்ணும்தான். குழந்தையின் தோலைப் பாதிப்பவை பெரும்பாலும் அதற்குப் பின் சேரும் சாயமும், ஃபினிஷிங் மருந்துகளும், பிரிண்டும் ஆகும். இதைச் சொல்வதால் ஆர்கானிக் பருத்தியின் மதிப்பு குறைந்துவிடாது. யாருக்காகக் கூடுதல் விலை தருகிறோம் என்பது தெளிவாகும், அவ்வளவே.

ஒரு டி-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பது உண்மையா?

அது உலகச் சராசரியை வைத்துப் போட்ட கணக்கு. பாசனப் பருத்திக்கும் மானாவாரிப் பருத்திக்கும் அதை ஒன்றாகப் பொருத்துவது சரியாகாது. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் மழையை மட்டுமே நம்பி விளையும் பருத்தி குடித்த தண்ணீர், பெரும்பாலும் அந்த நிலத்தில் எப்படியும் பெய்திருக்கக்கூடிய மழைதான். அந்த மண்ணுக்கே உரிய கருங்கண்ணி என்ற நாட்டு ரகம் வறட்சியையும் பூச்சியையும் நன்றாகத் தாங்கும். அதன் இழை குட்டை என்பதால் பெரிய மில்கள் அதை விரும்புவதில்லை. கைராட்டைக்கும் சற்றே தடித்த துணிக்கும் அது ஒத்துவரும். பிள்ளைகளின் கோடைச் சட்டைக்கு அந்தத் தடிமன் ஒரு குறையே இல்லை.

லேபிளில் இருக்கும் முத்திரைகளை எப்படிப் படிப்பது?

ஒவ்வொரு முத்திரையும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு மட்டுமே விடை சொல்கிறது. ஜி.ஓ.டி.எஸ். என்ற முத்திரைதான் இவற்றுள் விரிவானது. "ஆர்கானிக்" என்ற தரத்தில் அது இருந்தால் இழையில் குறைந்தது 95 விழுக்காடும், "ஆர்கானிக் இழை கலந்தது" என்ற தரத்தில் இருந்தால் குறைந்தது 70 விழுக்காடும் சான்று பெற்ற இழையாக இருக்க வேண்டும். அத்துடன் சாயங்கள், கழிவுநீர், தொழிலாளர் நிலை ஆகியவற்றுக்கும் அது விதிகள் வைத்திருக்கிறது. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 என்பது 1992-இல் தொடங்கியது; முடிந்த துணியில் தீங்கான வேதிப்பொருள் அளவுக்கு மீறி இருக்கிறதா என்பதை மட்டுமே சோதிப்பது. மூன்று வயது வரையுள்ள குழந்தைகளின் துணி அதில் முதல் வகுப்பு. வரம்புகளும் அதற்குத்தான் மிகக் கடுமையானவை. ஆனால் அந்தப் பருத்தி எப்படி விளைந்தது, தைத்தவருக்கு என்ன கூலி கிடைத்தது என்பதைப் பற்றி அந்த முத்திரை எதுவும் சொல்வதில்லை.

ஃபேர்ட்ரேட் காட்டன் முத்திரை விவசாயிக்குக் குறைந்தபட்ச விலை கிடைத்ததைச் சொல்லும். டெய்லரின் கூலிக்கு அது பொறுப்பேற்காது. எஸ்.ஏ. 8000 என்பது தொழிலாளர் நிலையைப் பார்த்துத் தொழிற்கூடத்துக்குத் தரும் சான்று, சட்டைக்குத் தருவதன்று. பெட்டர் காட்டன் என்பதை ஆர்கானிக் என்று எண்ணிவிடக் கூடாது; அதில் பி.டி. விதைக்குத் தடையில்லை. பச்சை இலைப் படமும் "நேச்சுரல்" என்ற சொல்லும் மட்டும் இருந்தால் அது அலங்காரம்தான்.

முத்திரையே போலியாக இருந்தால்?

இருக்கலாம். 2020-இல் இந்தியாவில் ஏறக்குறைய 20,000 டன் பருத்தி போலிச் சான்றுகளோடு ஆர்கானிக் என்ற பெயரில் புழங்கியதை ஜி.ஓ.டி.எஸ். அமைப்பே கண்டறிந்து, 11 நிறுவனங்களை விலக்கியது. வாங்குபவர் செய்யக்கூடிய சோதனை எளிதானது. உண்மையான லேபிளில் சான்றளித்த அமைப்பின் பெயரும் உரிம எண்ணும் அச்சாகியிருக்கும். அந்த எண்ணை ஜி.ஓ.டி.எஸ். இணையத்தளத்தின் பொதுப் பட்டியலில் இட்டால் நிறுவனத்தின் பெயர் வர வேண்டும். மொத்தமாக வாங்குபவர் "ஸ்கோப்" சான்றோடு நின்றுவிடாமல், அந்தக் குறிப்பிட்ட சரக்குக்கான "டிரான்ஸாக்‌ஷன்" சான்றையும் கேட்க வேண்டும். முன்னது அந்த நிறுவனம் தகுதி பெற்றது என்பதற்கும், பின்னது உங்கள் கைக்கு வந்த துணி அந்தத் தகுதியின்கீழ் தயாரானது என்பதற்கும் ஆதாரம். ஒரு கடையில் "நூறு சதவீதம் ஆர்கானிக்" என்று எழுதிய பச்சிளங்குழந்தைத் துணித்தொகுப்பு ஒன்றின் உரிம எண்ணை நாங்கள் கேட்டபோது, கடைக்காரர் பின்புறமிருந்த பார்கோடைச் சுட்டிக்காட்டினார். அவர் ஏமாற்ற நினைத்ததாகத் தோன்றவில்லை. அவரிடம் அப்படிச் சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு விலை?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பனியன் துணியை மீட்டரில் அளப்பதில்லை, கிலோவில்தான் வாங்குவார்கள். 160 ஜி.எஸ்.எம். துணி என்றால் ஒரு சதுர மீட்டர் 160 கிராம். ஒரு கிலோவில் ஆறேகால் சதுர மீட்டர் வரும். இரண்டு வயதுப் பிள்ளையின் டி-ஷர்ட்டுக்குக் கட்டிங் வேஸ்ட்டையும் சேர்த்து அரைச் சதுர மீட்டர் என்று வைத்தால், ஒரு கிலோவில் பன்னிரண்டு சட்டை. ஆர்கானிக் துணி கிலோவுக்கு 240 ரூபாய் அதிகம் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு சட்டைக்குக் கூடுவது 20 ரூபாய்தான். ஆனால் கடையில் வித்தியாசம் சில நூறு ரூபாயாக இருப்பதைப் பார்க்கிறோம்.

மிச்சம் எங்கே போகிறது என்றால், ஒரு பகுதிக்கு நியாயமான காரணம் உண்டு. சிறிய லாட்டாகச் சாயம் போட்டால் கிலோவுக்கான செலவு ஏறும், சான்றுக் கட்டணம் குறைந்த எண்ணிக்கையிலான சட்டைகளின் தலையில் விழும், விற்காத சைஸ்கள் தேங்கும். மறுபகுதி விளம்பரத்துக்கும், பளபளப்பான பெட்டிக்கும், "பெற்றோர் எவ்வளவு கேட்டாலும் கொடுப்பார்கள்" என்ற நம்பிக்கைக்கும் போகிறது. தைத்தவரின் கூலி இந்த விலையில் மிகச் சிறிய பங்கு என்பதால், அதை உயர்த்தினால் உடை எட்டாத விலைக்குப் போய்விடும் என்ற வாதத்தை நாங்கள் ஏற்பதில்லை.

சாயத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

நொய்யலைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் சேரும் இந்த ஆற்றின் குறுக்கே, பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டி முடிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குளமாகி, நீரைத் தேக்கவே கூடாது என்று பாசன விவசாயிகளே நீதிமன்றத்துக்குப் போகும் நிலை வந்தது.

நிறத்தைவிட உப்புதான் இதில் பெரிய வில்லன். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏறுவதற்கு உப்பு தேவை. அடர்ந்த நிறம் என்றால் ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோவுக்கு மேலும் போகும். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை, அலசும் தண்ணீரோடு முழுவதும் வெளியே போகிறது. கழிவுநீரிலிருந்து நிறத்தை எடுத்துவிடலாம், கரைந்த உப்பை எளிதில் எடுக்க முடியாது. அதனால்தான் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சியும் பயிர்கள் கருகின.

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத நிலையை எட்டும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன. வேலையிழந்தவர்கள் பலர் ஊர் திரும்பினார்கள். அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் நீரைப் பிரித்து, மிஞ்சிய உவர்நீரை ஆவியாக்கி, நீரையும் உப்பையும் மீண்டும் சாயமிடுவதற்கே பயன்படுத்தும் முறை நிலைபெற்றது. இதற்கு மின்சாரமும் விறகும் ஏராளமாகச் செலவாகின்றன. பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கிடங்குகளில் தேங்குகிறது. ஆகவே சிக்கல் முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் முறையாக இயங்கும் பட்டறையில் சாயமிட்ட துணிக்கும், கணக்கில் வராத பட்டறையிலிருந்து வரும் மலிவுத் துணிக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

வீட்டில் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது: வெளிர் நிறங்களுக்குச் சாயமும் உப்பும் குறைவு, கறுப்புக்கும் ஆழ்ந்த சிவப்புக்கும் மிக அதிகம். வெளுக்காத துணியாக இருந்தால் இன்னும் நல்லது. இளமஞ்சள் நிறத்தில் ஆங்காங்கே பருத்திக்கொட்டைத் துணுக்குகள் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். பளீர் வெள்ளையும் வெளுப்பு மருந்தும் ஒளிர்வூட்டியும் சேர்ந்த நிறம்தான். (பிள்ளை கொட்டும் சாம்பாரை மறைக்க அடர்நிறம்தான் உதவுகிறது என்று தாய்மார்கள் சொல்வது எங்களுக்கும் தெரியும்.)

இயற்கைச் சாயம் பாதுகாப்பானதா?

பெரும்பாலும் ஆம், ஆனால் முழுப் பெயரையும் கேளுங்கள். விழுப்புரம் மாவட்டத்தில் இன்றும் விளையும் அவுரி, மஞ்சள், கடுக்காய், மாதுளைத் தோல் ஆகியவை நல்ல சாயங்கள். நிறத்தைத் துணியில் பிடித்துவைக்கச் சேர்க்கும் நிறமேற்றி எது என்பதுதான் முக்கியம். படிகாரம் என்றால் கவலை இல்லை. தாமிர உப்பு, குரோமியம் என்றால் "மூலிகை" என்ற பெயருக்குப் பொருளில்லை. மஞ்சளில் தோய்த்த துணி வெயிலில் வெளுக்கும். நிழலில் காயப்போட வேண்டும்.

மூங்கில் துணி என்று விற்கிறார்களே?

மென்மையாக இருக்கும், வியர்வையையும் உறிஞ்சும். ஆனால் அது பெரும்பாலும் மூங்கில் கூழைக் காரத்திலும் கார்பன் டைசல்ஃபைடிலும் கரைத்து இழுத்த விஸ்கோஸ், அதாவது ரேயான். அமெரிக்காவில் ரேயானை "மூங்கில்" என்று சொல்லி விற்றதற்காக வால்மார்ட்டும் கோல்ஸும் 2022-இல் மொத்தம் 55 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டன.

கைத்தறியும் கதரும் போதாதா?

கதர் என்றால் கையால் நூற்றுக் கையால் நெய்தது. கைத்தறி என்றால் கையால் நெய்தது, நூல் மில்லிலிருந்து வந்ததாக இருக்கலாம். இரண்டிலும் மின்சாரச் செலவு குறைவு, நெசவாளிக்குப் பிழைப்பும் உண்டு. அதற்காக அவற்றின் சாயமும் இயற்கையானது என்று முடிவுகட்டிவிட முடியாது. கதர்க்கடையிலும் கோ-ஆப்டெக்ஸிலும் பருத்திச் சட்டைத் துணியை வாங்கி, பக்கத்துத் தெருத் தையற்காரரிடம் கொடுத்தால், தைப்பவர் யார், அவருக்கு என்ன கூலி என்ற இரண்டு கேள்விகளுக்காவது விடை உங்கள் கண்முன்னே இருக்கும்.

தைப்பவர்களின் நிலையை வாங்குபவர் எப்படி அறிவது?

முழுமையாக அறிய வழியில்லை. ஆனால் எதைக் கேட்பது என்று தெரிந்திருக்கலாம். கோவை, திண்டுக்கல், ஈரோடு வட்டார நூற்பாலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில், பதின்வயதுப் பெண்களை ஏறக்குறைய மூன்றாண்டு விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கி, முடிவில் திருமணத்துக்கென்று ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. உடல்நலம் கெட்டு இடையில் விட்டுப் போனவர்களுக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போனதும் உண்டு. அந்தப் பெயர் இப்போது அதிகம் கேட்பதில்லை என்றாலும், விடுதியில் வைத்து வேலை வாங்கும் முறை அடியோடு மறைந்துவிடவில்லை.

தையற்கூடங்களில் சிக்கல் வேறு விதமானது. திருப்பூரில் ஒரு ஷிஃப்ட் எட்டு மணிநேரம். ஆனால் ஆர்டர் நெருங்கினால் "ஒன்றரை ஷிஃப்ட்" என்பது சாதாரணப் பேச்சு, அதாவது காலை எட்டரைக்குப் போனவர் இரவு எட்டரைக்குத்தான் வீடு திரும்புவார். பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு ஆர்டர் இல்லாத வாரத்தில் வருமானமும் இல்லை. பெரிய கம்பெனி எடுத்த ஆர்டர் ஜாப் ஒர்க்காகச் சின்னச் சின்னப் பவர் டேபிள்களுக்கு, அதாவது சில மெஷின்களே உள்ள தையற்கூடங்களுக்கு, பிரிந்து போகும்போது, தணிக்கைக்கு வருபவரின் கண்ணுக்கு அந்த இடங்கள் எட்டுவதில்லை.

தணிக்கை என்பதே அரைகுறைப் பாதுகாப்புதான். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே சாவரில் ஆடைத் தொழிற்கூடங்கள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முந்தைய நாள் சுவரில் விரிசல் கண்ட பிறகும் தொழிலாளர்களை உள்ளே அனுப்பியிருந்தார்கள். அந்தக் கட்டடத்திலிருந்த சில தொழிற்கூடங்களில் அதற்கு முன்பே சமூகத் தணிக்கை நடந்திருந்தது.

நம்பிக்கை தரும் மாதிரி ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. தலித் பெண்கள் தலைமை ஏற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற சங்கம், 2022-இல் ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் என்ற ஆடை ஏற்றுமதி நிறுவனத்துடனும் எச் அண்ட் எம் உள்ளிட்ட வெளிநாட்டு நிறுவனங்களுடனும் செய்துகொண்ட "திண்டுக்கல் ஒப்பந்தம்" பாலியல் தொல்லையையும் சாதி அடிப்படையிலான பாகுபாட்டையும் தடுப்பதற்கானது. வேலைத்தளத்திலேயே பயிற்சி பெற்ற பெண் தொழிலாளர்கள் கண்காணிப்பதும், ஒப்பந்தத்தை மீறினால் வாங்கும் நிறுவனம் நடவடிக்கை எடுக்கக் கட்டுப்பட்டிருப்பதும் இதன் பலம். வெளியிலிருந்து ஆண்டுக்கொருமுறை வந்துபோகும் தணிக்கையாளரைவிட, பக்கத்து மெஷினில் இருப்பவருக்கு அதிகம் தெரியும் என்பதை ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது. ஆகவே விற்பவரிடம் "எங்கே தைத்தது, சங்கம் இருக்கிறதா, வெளியே ஜாப் ஒர்க் கொடுக்கிறீர்களா" என்று கேளுங்கள். விடை சொல்லத் தயங்காதவர்களிடம் வாங்கலாம்.

காதர்பேட்டையில் மலிவாக வாங்குவது தவறா?

தவறில்லை. திருப்பூர் காதர்பேட்டையில் விற்பவற்றுள் கணிசமானவை ஏற்றுமதியில் மிஞ்சியவை, ஷேடு மாறியவை, சிறு ஓட்டை விழுந்தவை, ரத்தான ஆர்டர்கள். ஏற்கெனவே தயாரான துணி வீணாகாமல் உடுத்தப்படுகிறது. முத்திரை எதையும் மட்டும் அங்கே நம்ப வேண்டாம். வெட்டிய லேபிள் உண்மையானதாக இருக்கும், வெட்டாத பளபளப்பான லேபிள் நேற்று அச்சடித்ததாக இருக்கும்.

கைக்குழந்தைக்கு வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?

கழுத்திலும் தலைமூடியிலும் இழுகயிறு வேண்டாம். ஐரோப்பியத் தரவிதி ஏழு வயது வரை அதை அனுமதிப்பதில்லை, எங்காவது மாட்டிக்கொண்டு கழுத்தை இறுக்கும் என்பதே காரணம். மார்பில் ரப்பர் போலத் தடித்த பிரிண்ட் இருந்தால் அது பெரும்பாலும் பி.வி.சி. கலந்தது, வியர்வையையும் விடாது. துணியோடு இழைந்து, கைக்குத் தட்டுப்படாத நீர்ச்சாய பிரிண்ட் நல்லது. தீபாவளிக்கு வாங்கும் நைலான் நெட் ஃபிராக் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பருத்தியும் தீப்பிடிக்கும்தான், ஆகவே பட்டாசு வேளையில் உடம்போடு பொருந்திய, தொங்காத பருத்தி உடை போடுங்கள்.

புதுத்துணியைத் துவைத்துவிட்டுத்தான் போட வேண்டும். தளர்ந்த சாயமும், சுருக்கம் விழாதிருக்கச் சேர்த்த ஃபார்மால்டிஹைடும், கிடங்குத் தூசியும் முதல் துவைப்பில் பெருமளவு போகும். துவைத்தால் அது புதுத்துணி ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் மறுத்தால், துவைத்து இஸ்திரி போட்டு மடித்தபின் ஓரத்தில் மஞ்சள் தடவிக் கொடுங்கள். எங்கள் வீட்டில் அதற்கு மறுப்பு வந்ததில்லை.

உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்குமா?

நிற்காது. உப்பும் காரமும் சூடும் சேர்ந்து செய்யும் வேலை பட்டறையிலேயே முடிந்துவிட்டது. வீட்டு உப்பு அந்த ஒரு துவைப்பில் சாயம் கசிவதைச் சற்றுத் தடுக்கலாம். அடுத்த துவைப்பில் மறுபடியும் கசியும்.

குடும்பம் முழுவதற்கும் ஒரே மாதிரி உடுத்தும் "ஃபேமிலி காம்போ" நல்லதா?

படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் அம்மாவின் புடவையும் மகளின் ஃபிராக்கும் அப்பாவின் சட்டையும் ஒரே நாளில் மட்டும் ஒன்றாக வெளிவந்து, பிறகு அலமாரிக்குள் போய்விடுகின்றன. அதைவிடப் பழைய பட்டுப்பாவாடையின் கணக்கு தேவலாம். இடுப்புக்குக் கீழே இரண்டு மூன்று டக் வைத்துத் தைத்து, ஆண்டுக்கொன்றாகப் பிரித்துவிட்டால் ஒரே பாவாடை மூன்று நான்கு தீபாவளி காணும். பிரித்த இடத்தில் துணி மட்டும் சற்று அடர்ந்த நிறத்தில் ஒரு கோடாகத் தெரியும். அதை மறைக்க ஒரு ஜரிகை நாடா போதும். தைக்கக் கொடுக்கும்போதே டக்குக்கும் பக்கத் தையலுக்கும் துணி விடச் சொல்ல வேண்டும். ரெடிமேடில் இதற்கு இடமே வைப்பதில்லை.

போட முடியாத அளவுக்குக் கிழிந்தபின் என்ன செய்வது?

பலமுறை துவைத்து நைந்த பருத்திப் புடவையும் வேட்டியும் தூளிக்கும், பிறந்த குழந்தையின் இடைத்துணிக்கும் எந்தப் புதுத்துணியையும்விட மேலானவை. திருப்பூரின் கட்டிங் வேஸ்ட் நிறவாரியாகப் பிரிந்து, கழிவுப் பஞ்சையும் நூற்கும் ஓப்பன் எண்ட் மில்களில் மறுபடி நூலாகி, பாய், போர்வை, துடைக்கும் துணி என்று வெளிவருகிறது. லைக்ரா கலந்த துணிக்கும் பாலியஸ்டர் கலந்த சீருடைத் துணிக்கும் இந்த வழி எளிதில் திறப்பதில்லை. வீட்டுக் கந்தலை யாரும் பிரித்து வாங்க வருவதில்லை என்பதால், நூறு விழுக்காடு பருத்தியை மட்டும் பொத்தானும் எலாஸ்டிக்கும் கழற்றித் தனியே வைத்து, ஒர்க்‌ஷாப்புக்கு வேஸ்ட் துணி வாங்கும் கடையில் கொடுக்கலாம். கிலோவுக்குச் சில ரூபாயாவது தருவார்கள்.